பேர் வெட்டிய சாமான்

ஆகஸ்ட் 1, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். குன்றத்தூர் பாத்திரக்கடையில் ஆடித் தள்ளுபடி, நாளையோடு சரி. மகள் ஸ்டெல்லாவின் சீருக்கு ட்ரைப்ளை, அதாவது மூன்றடுக்கு எவர்சில்வர், பாத்திர செட் எடுக்க வேண்டும். மாப்பிள்ளை அருளின் அம்மா போனில்: "எங்க வூட்ல நான்-ஸ்டிக்லாம் ஆவாது. அடி கனமா ட்ரைப்ளையே எடுத்துடுங்க." மகாராணி! அவர் வீட்டில் டீ போட்டது நசுங்கிய அலுமினியத்தில். என் கண்ணாலேயே பார்த்தேன்.

தள்ளுபடி போக மீதி விலை கேட்டே தலை சுற்றல். கடைக்காரர்: "பழைய பாத்திரம் கொண்டாங்கக்கா, இன்னும் கொறைக்கிறேன்."

சனி
குக்கர், குண்டான், இட்லிப் பானை, எல்லாம் மூட்டை. ஸ்டெல்லாவோடு ஷேர் ஆட்டோ.
"இன்னாத்துலம்மா சோறு ஆக்குவ?"
"பக்கத்து வூட்டு மேரிகிட்ட இரவல் வாங்கிக்கலாம், வாயை மூடு."
பாதி விலைக்கு முடித்தேன். பேர் வெட்டுவது இலவசம். ஒவ்வொன்றிலும் 'ஸ்டெல்லா – அருள்'. பேர் வெட்டிய சாமான் திரும்ப எடுக்க மாட்டார்களாம். யார் திருப்பப் போகிறார்கள்?

ஞாயிறு
பூசையில் முதல் கல்யாண ஓலை; மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஃபாதர் இருவர் பெயரையும் வாசித்தபோது அழுதுவிட்டேன். மாலை மழை. மேரியின் குண்டானில் பிரியாணி.

செவ்வாய்
ஷிப்டுக்குப் போன ஸ்டெல்லா உடனே திரும்பி வந்தாள். ஒரகடம் கம்பெனியில் அவள் லைனையே மூடிவிட்டார்கள். காண்ட்ராக்ட் பெண்கள் அத்தனை பேரையும் கேட்டிலேயே அனுப்பியாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போது சொல்லாதே என்றேன்.
"அருள்கிட்ட சொல்லிட்டேன்மா."

வியாழன்
அருளின் அம்மா போன். "வேலைல கீற பொண்ணுன்னுதான் பேசனோம். லோன் போட்டு வூடு கட்டிகினு கீறோம். ஒரு சம்பளத்துல இன்னா பண்றது? தப்பா நெனைக்காதீங்க." முடிந்தது.
அருள் போனை எடுக்கவில்லை. பாவி.

வெள்ளி
செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு. கடைக்காரர் மூடியைத் தடவிப் பார்த்தார். "பேர் வெட்டிட்டோமேக்கா, யார் வாங்குவா?"
என் பழைய பாத்திரமாவது?
"அது அன்னைக்கே லாரி ஏறிட்ச்சு."
பெட்டி என்ன கனம்! பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தேன்.

ஞாயிறு
இரண்டாம் ஓலை கிடையாது. பூசைக்குப் போகவில்லை. யார் முகத்தில் விழிப்பது?
மேரி வாசலில்: "அக்கா, விருந்தாளி வராங்க, குண்டான் வேணுங்க்கா." தேய்த்துக் கொடுத்தேன். அரிசி களைந்து வைத்தது வைத்தபடி.
ஸ்டெல்லாதான் பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பேர் இருந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன்.
"மூடி மேலயும் கீதும்மா" என்றாள்.
சோறு அடிபிடிக்கவில்லை.