மேனேஜருக்குப் பிரசவம்

அன்பு மகளே,

ஆறு மாதமாக எழுதாத என்னால் இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பூனை மேனேஜர் குட்டி போட்டுவிட்டார்! மூன்று குட்டிகள், உன் அலமாரியில், நீ விட்டுப்போன நீலச் சட்டையின் மேல்!

“லீவு லெட்டர்கூடக் குடுக்காம பிரசவத்துக்குப் போயிட்டாரே!” என்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். “காலேஜ்ல விலங்கியல் நடத்துறவ, ஆம்பளைன்னு அடிச்சுச் சொன்னியே!”

ஒரே பார்வையில் சொன்னேன், உண்மைதான். அன்று நீ அழைத்து வந்தவரையும் வாசலிலேயே நிறுத்தி, ஒரே பார்வையில்தான் எடைபோட்டேன்.

குட்டிகளைத் தொடப்போன என் கையை மேனேஜர் பிறாண்டிவிட்டார். பிள்ளைகளைக் காக்கும் தாயல்லவா, அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்!

ஒரு வாரத்தில் குட்டிகள் கண் திறந்துவிடும். அதற்குள் வந்துவிடு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன்
அம்மா