சாப்பிடாததை மறைத்தவள்

2068 மார்ச் 16, வெள்ளி, காலை 7.10. மதிப்பெண் 71

சாப்பிட்டதை நான் மறந்துவிடுகிறேன் என்று வார்டு முழுக்கச் சொல்கிறார்கள். தவறு. சாப்பிடாததை மறைக்கிறேன். இரண்டும் வேறு.

நான் பெர்னதெத் மோத்தா. வயது 82. கணவர் இல்லை. தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகள் உப்பு ஆய்வகத்தை நடத்தியவள். எழுபது தாண்டியோர் வீடுதோறும் மறதிநோய்த் தடுப்புக்காக மாநகராட்சி ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. தினமும் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே போனால் வாசல் பூட்டு அவர்கள் வசம். பிறகு காப்பகம்.

இன்று தவக்கால வெள்ளி. ஒருசந்தி இருக்கிறேன், மாலைவரை உணவில்லை. பெட்டி கேட்டது: "சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சு" என்றேன். இல்லை என்றால் கேட்டவர் சோறு போட வேண்டிவரும். அந்தச் சங்கடத்தை யாருக்கும் தராமல் வளர்ந்தவள் நான். அடுப்பு எரியவில்லை என்பது பெட்டிக்குத் தெரியும். "நினைவுப் பிழை" என்று பதிந்தது.

மார்ச் 19, திங்கள், காலை 11.00. மதிப்பெண் 70

வார்டு செவிலி ஜெனிட்டாவைப் பெட்டி வழியே அழைத்தேன்.

"மறக்கல பிள்ளே. பொய் சொன்னேன்."

"பெட்டிகிட்ட என்ன மேடம் மரியாத? அது ஒங்க சம்மந்தியா? பொய்க்குன்னு கட்டம் இல்ல மேடம். சரி, மறதி, ரெண்டுதான்."

சிரித்தாள். திருத்தவில்லை.

மார்ச் 23, வெள்ளி, காலை 7.15. மதிப்பெண் 63

உண்மையைச் சொன்னேன்: "சாப்பிடல." பதிவு: "உணவு மறுப்பு. முந்தைய பதிலுடன் முரண்."

மாலை 4.40

எங்கள் தேவாலயப் பங்கில் இந்த ஆண்டு காப்பகம் போனவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பிறகு. எதிர்வீட்டு எட்வர்டு கொரைராவும் அதில் உண்டு. சீட்டாட்டத்தில் போட்ட சீட்டு ஒன்றைக்கூட மறக்காத மனிதர். மறதி பரவவில்லை. நோன்பு தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 24, சனி, காலை 9.05. மதிப்பெண் 58

இந்தக் கணக்கைப் பெட்டி வழியே ஜெனிட்டாவிடம் சொன்னேன். "மேடம், அத பெட்டிக்கு முன்னாடி சொல்லா..." அவள் முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. பதிவு: "காரணமற்ற சந்தேகம். நோய் அறிகுறி."

வாசல் திறக்கவில்லை.

9.30

"என்னம்மா எழுதுறீங்க?" என்கிறது. பேனா ஓசையும் கேட்கிறது போலும். நான் பதில் சொல்லவில்லை. அதையும் பதிந்திருக்கும்.

தாளைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன். எடுப்பவர் சுகாதார அலுவலரிடம் சேர்க்கவும்.

ஐயா, அந்த ஒன்பது பேரையும் ஒரு மனிதரை வைத்துச் சோதியுங்கள். என்னையும். பெட்டி வழியே பேச வேண்டாம். உங்கள் பதிலைத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்பவும்.