தாடையார் கடித்த விரல்

அன்பு அம்மாவுக்கு,

மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்து எலி ஒன்று விரலைச் செல்லமாகக் கடித்துவிட்டது. பல்லை நகர்த்தக் கம்பி மாட்டி, தாடை எலும்பு வளர மருந்தும் கொடுக்கிறோமே, அந்த எலிகளில் ஒன்று. நான் வைத்த பெயர் தாடையார். ஊசி போட்டுக்கொண்டேன், காயமும் ஆறிவருகிறது. கட்டுப் போட்டுவிட்ட தோழி, "கடி இவ்வளவு பலமா இருக்குன்னா மருந்து வேலை செய்யுதுடி!" என்று சிரித்தாள்.

அவள் வாக்கு பலித்துவிட்டது. நேற்று எடுத்த ஸ்கேனில், மருந்து கொடுத்த எலிகளுக்குப் பல் நகர்ந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருந்தது. மற்ற எலிகளுக்கு அவ்வளவு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எலும்பு மெலிசு, கம்பி கட்டினால் தாங்காது என்று பல் டாக்டர் நம் சின்னவளைத் திருப்பி அனுப்பினாரே, அதுதான் நினைவுக்கு வந்தது.

"மனுஷங்களுக்கு வர இன்னும் வருஷக்கணக்காகும். அவசரப்படாதே, ஆனா சந்தோஷப்படு" என்றார் பேராசிரியர்.

நம் வீட்டுச் சந்தோஷத்தை இங்கே யாரிடம் சொல்வது? தாடையாரிடம்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்புங்கள். இங்கே தலையணை உறை சொரசொரவென்று இருக்கிறது. துவைக்காமலே அனுப்புங்கள்.

பேருந்து வந்துவிடும், முடிக்கிறேன். படம் எடுக்கும்போது சின்னவள் இனி வாயைப் பொத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்து வரும்போது வரட்டும். அவள் சிரிப்பு எனக்கு இப்போதே வேண்டும்.

உங்கள் மகள்