விமானம் இறங்கும்வரை பெருக்காத வீடு

அத்தை,

இன்று காலை உங்கள் பேத்தி அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போனாள். அவள் பெட்டியில் கட்டியதுபோகச் சிந்திய பருப்புப்பொடி கூடமெல்லாம் மணக்கிறது. துடைப்பத்தை எடுத்தேன். கை தானாகவே அதைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டது.

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகிறவர்களுக்கு அது சரி. உங்கள் மகன் முதன்முதலாகச் சான் பிரான்சிஸ்கோ போனாரே, அப்போதுதான் வசமாக மாட்டிக்கொண்டேன். அறுப்புக் காலம் வேறு, வீடெல்லாம் வைக்கோல் தூசி.

"போற வழி பதினாறாயிரம் கிலோமீட்டர் அத்தை. நாளைக்குத்தான் இறங்குவாரு."

"இருக்கட்டுமே. தூசியால யாரும் செத்துப்போகல" என்றீர்கள்.

அவர் துபாயில் விமானம் மாறியதும் கைபேசியில் காட்டினேன். குட்டி மஞ்சள் விமானம் நேரே வடக்கே போனது. "அமெரிக்கா மேற்குலதானே இருக்கு? எதுக்கு வடக்க போறான்?" என்று பதறினீர்கள். அடுப்படியில் கிடந்த பூசணிக்காயின் மேல் நூலை இழுத்துப் பிடித்து, உருண்டையில் அதுதான் கிட்டத்து வழி என்றேன். நூலை வாங்கி அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தீர்கள். எப்படி இழுத்தாலும் வடக்கு வழிதான் குட்டையாக வந்தது. உலக உருண்டையைப் படித்துப் பரீட்சை எழுதிய எனக்கு, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அன்று மலைப்பு வந்தது.

பனிக்கடலுக்கு மேலே போனதும் படம் நின்றுவிட்டது.

"எங்கடி போனான் எம்புள்ள?"

"அங்க சிக்னல் கிடைக்காது அத்தை" என்றேனே தவிர, நானும் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி விளக்கைக்கூட என்னை ஏற்றச் சொல்லிவிட்டு, கைபேசிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். கனடாவுக்கு மேல் விமானம் மறுபடி தெரிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்களே, வலித்தது. அவர் இறங்கிப் பேசிய பிறகுதான் விட்டீர்கள்.

"அவன் துபாயில ஏறுறப்ப அரிசி ஊறப்போட்டோம். அரைச்ச மாவு பொங்குறதுக்குள்ள பூமிக்கு அந்தப் பக்கம் போயிட்டானே! மனுஷன் என்னல்லாம் பண்ணிட்டான், பாரேன்!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோய், துடைப்பத்தை நீங்களே எடுத்தீர்கள்.

நீங்கள் போன அன்று, உங்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்துவிட்டார்கள். அதுதான் முறை. கூடத்தையும் தாழ்வாரத்தையும் கழுவிவிட்டார்கள். உங்கள் அறைவாசலில் மட்டும் குறுக்கே நின்றுகொண்டேன்.

"என்னம்மா இது, கழுவ வேணாமா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"இப்பதானே கெளம்பியிருக்காங்க" என்றேன்.

நாளைக்கு உங்கள் பேத்தி இறங்கியதும் பேசுவாள். உடனே கூடத்தைப் பெருக்கிவிடுவேன். நீங்கள் போகிற தூரம் எவ்வளவு என்று யாரைக் கேட்பது? உங்கள் அறையை நான் இன்னும் பெருக்கவில்லை, அத்தை.