ஏணி பிடிக்க ஓர் ஆள்

மூன்றாம் டிவிஷன், ஈப்போ
6.11.2022

அன்புள்ள கலாதேவிக்கு,

சதாசிவம் எழுதுவது. நலம்தானே? கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டாய். லூமுட் முகவரியை உன் அக்காவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவர்மேல் கோபப்படாதே.

நேற்று வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. கட்சிக் கிளைத் தலைவர் தர்மா இந்த முறையும் கொடி கட்டும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். கூடவே நம் வட்டாரத்து வாக்காளர் பட்டியலும் வந்தது. நம் வீட்டு எண்ணுக்கு நேரே இன்னும் இரண்டு பெயர் இருக்கிறது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது; பட்டியலில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தான் இருக்கிறோம்.

பத்தொன்பதாம் தேதி நீ இங்கே வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். அப்படியே வீட்டுக்கும் வந்து போயேன். உள்ளதைச் சொல்கிறேன், இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

ஏணி பிடிக்கவும் ஆளில்லை. கயிற்றால் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஏறுகிறேன்.

அன்புடன்,
சதாசிவம்

லூமுட்
9.11.2022

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நலம். ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு மடிக்கிறேன்.

நீங்கள் கொடி கட்டப் போவதில் எனக்கு எப்போதும் குறை இல்லை. ஐந்து தேர்தலுக்கு நான்தானே ஏணியைப் பிடித்தேன். குறை வேறு. யார் கூப்பிட்டாலும் "பத்தே நிமிஷம், கலா" என்று கிளம்பிவிடுவீர்கள். எனக்கு ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு விட்ட அன்றும், மருத்துவமனை வாசலில் பையோடு மூன்று மணி நேரம் நின்றேன். அன்றைக்கும் உங்களுக்குப் பத்து நிமிஷ வேலைதான்.

ஓட்டுப் போட வருகிறேன். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். நீங்கள் இருந்தால் பேசலாம். இருந்தால் மட்டும்.

தனியாக ஏணியில் ஏறாதீர்கள். வயதாகிறது.

கலாதேவி

மூன்றாம் டிவிஷன், ஈப்போ
13.11.2022

அன்புள்ள கலாவுக்கு,

இருப்பேன். சத்தியமாக இருப்பேன்.

முச்சந்தியிலிருந்து நம் வாசல்வரை கம்பத்துக்குக் கம்பம் கொடி கட்டிவிட்டேன். தர்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணே, இது முட்டுச் சந்துலா. இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

"ஒரு ஓட்டு வருது தம்பி, தூரத்துலருந்து" என்றேன்.

ஏணியில் ஏறும்போது இன்னமும் "புடிச்சுக்க, கலா" என்றுதான் வாயில் வருகிறது. எதிர்வீட்டு நல்லம்மாள் அக்கா அதைக் கேட்டுவிட்டு, சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

என் முடிச்சை அவிழ்க்கக் கத்தி வேண்டும் என்று கேலி செய்வாயே, இந்த முறையும் அப்படித்தான். உன் முடிச்சு என்றால் நுனியை இழுத்தால் போதும்.

சீனர் கடையில் உனக்குப் பிடித்த பாவ் ரொட்டி வாங்கி வைக்கிறேன்.

உன்,
சதாசிவம்

லூமுட்
20.11.2022

என்னங்க,

வந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு மழையில் நடந்தே வந்தேன். வழியெல்லாம் கொடிகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பதினோரு மணிக்கு வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. சன்னல் வழியே மேசைமேல் பாவ் பொட்டலம் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: "நல்லம்மாள ஓட்டுப் போட கூட்டிட்டுப் போயிருக்காரு. பத்து நிமிஷத்துல வந்துருவேன்னாரு."

ஒரு மணிவரை நின்றேன்.

வாசல் கம்பத்தில் கொடிக்கயிறு அறுந்து தொங்கியது. உங்கள் ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்துப் போட்டு ஏறினேன், வாழ்க்கையில் முதல் முறையாக. பிடிக்க யாரும் இல்லை. கொடியைக் கட்டிவிட்டுப் பார்த்தேன். மேலே நின்றால் தெரு முழுக்கத் தெரிகிறது, ஏணியைப் பிடித்திருப்பவர் நிற்கிற இடம் மட்டும் தெரிவதில்லை. இத்தனை வருடம் நீங்கள் வேண்டுமென்று என்னைப் பார்க்காமல் இருக்கவில்லை என்று அங்கேதான் புரிந்தது. கோபம் போய்விட்டது. அதோடு காத்திருக்கும் தெம்பும் போய்விட்டது.

அடையாள அட்டையில் முகவரியை லூமுட்டுக்கு மாற்றப் போகிறேன். அடுத்த தேர்தலில் அந்தப் பட்டியலில் என்னைத் தேடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கலாதேவி

மூன்றாம் டிவிஷன், ஈப்போ
2.12.2022

அன்புள்ள கலாவுக்கு,

நல்லம்மாள் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வரிசை நீண்டுவிட்டது. நடுவில் விட்டுவர மனம் வரவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. உனக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனது நான்தான்.

ஓட்டுக் கேட்கப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். கொடி கழற்ற ஒருவரும் வரவில்லை. மாநகர் மன்றம் கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது. நான்கு நாளாக ஒவ்வொரு கம்பமாக ஏறி, கத்தியால் அறுத்துக் கழற்றினேன். கீழே பார்த்துப் பார்த்துத்தான் ஏறினேன்.

நம் வாசலில் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது, நீ கட்டியது. அதற்குக் கத்தி வேண்டாம், நுனியை இழுத்தால் வந்துவிடும். இன்று காலையில் ஒரு முறை ஏறினேன், சாயங்காலம் ஒரு முறை ஏறினேன். இழுக்காமல் இறங்கிவிட்டேன்.

சதாசிவம்