கல்லாட்டம் இருக்கிறான்

ஆடி 9, செவ்வாய்.

மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம். கத்தரிக்கோல், ஊசியைக் கொதிக்க வைப்பதற்குள் பாதிக் காலை போயிற்று. கூலிகளின் லைன் வீடுகளில் இன்னும் இரண்டு பேருக்கு அம்மை. டாக்டர் துரை வந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி. எல்லோரையும் தள்ளி நிறுத்தித்தான் கேள்வி. எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அவர்கள் பேச்சை இங்கிலீஷில் சொன்னார். நான் உள்ளே, கட்டு மாற்றிக்கொண்டு. எல்லாம் காதில் விழுந்தது.

கொழுந்து பறிக்கும் பாப்பாத்தியின் முறை. கம்பளிக்குள் இரண்டு வயசு மகன். மூத்த பெண் போன மாதம் அம்மைக் கொட்டகைக்குப் போனவள், திரும்பவில்லை. "எம்பையன் கல்லாட்டம் இருக்கறானுங்க," என்றாள். கண்டக்டர் 'ஸ்டோனி' என்றார். உடம்பு விறைத்துவிட்டது என்று துரை எடுத்துக்கொண்டார். கம்பளியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. நாளை பிள்ளை கொட்டகைக்கு என்றார். நான் கை கழுவி வருவதற்குள் துரையின் குதிரை போய்விட்டது.

நோயில்லாத பிள்ளையை அங்கே போட்டால்?

கண்டக்டரிடம் கேட்டேன். கல் என்றால் ஸ்டோன்தானே, இதில் என்ன தப்பு என்கிறார்.

சாயங்காலம் இருவரையும் என் அறைக்கே கூட்டி வந்துவிட்டேன். நர்ஸ் வேலை போகலாம். பையனுக்குச் சூடு இல்லை, கொப்புளம் இல்லை. கஞ்சி கேட்டுக் கேட்டுக் குடித்தான். அவள் எதையும் தொடவில்லை.

ஆடி 10, புதன்.

அதே மழை. கொட்டகை ஆட்கள் கதவைத் தட்டினார்கள். துரை வரட்டும் என்றேன்.

வந்தார். கூடவே கண்டக்டர். துரைக்குக் கோபம். எனக்குத் தெரிந்த மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன்: எங்கள் பக்கம் கல் என்றால் திடம், பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். நம்பவில்லை. பிள்ளையைக் கொண்டுபோகச் சொன்னபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, தாயும் ஸ்டோனிதான் என்றார். இப்போது அதே சொல்லுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பொருள்.

அவளிடம் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"அழுதாச் சீக்குன்னு நெனச்சுக்குவாங்கன்னுதானுங்க பல்லைக் கடிச்சுட்டு நின்னேன்."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை பிள்ளையின் கிட்டே வந்தார். பிறகு கம்பளியை விலக்கினார். நெற்றி, வயிறு. முழங்காலை மடக்கப் போனார், பையன் உதைத்தான். கொட்டகை வேண்டாம் என்றார்.

பாப்பாத்தி படியில் உட்கார்ந்து அழுதாள், மூத்தவள் பெயரைச் சொல்லி. இப்போது எதற்கு அழுகை என்று துரை கேட்டார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆடி 13, சனி.

வெயில் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் என்னோடு பேசுவதில்லை. இனி நான்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமாம், துரை உத்தரவு.

இன்று ஒரு கிழவர். அம்மைதான், சந்தேகமில்லை. கொட்டகைக்கு என்றார் துரை. கிழவரின் சம்சாரம், நான் அதைத் தமிழில் சொல்லட்டும் என்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னேன்.