மூன்றாம் ஓட்டத்துக்கு முன் ஒரு கலயம் கஞ்சி

வெண்கோட்டு நாட்டின் காவலரும், கன்னலாற்றின் இரு கரைக்கும் உரியவரும், பகைவரும் வந்து நிழல் கேட்கும் குடையை உடையவருமான வேந்தர் விறல்வேள் அவர்களின் திருமுன்பு, தலைநகர் தேரிமங்கலத்திலிருந்து ஓலைநாயகம் பூதங்குடிச் சாத்தன், பட்டத்தரசி காரிநங்கையாரின் கட்டளைப்படி எழுதி விடுக்கும் ஓலை. வடவெல்லைப் பாசறையில் வேந்தரின் புண் விரைந்து ஆறுக, உறக்கம் இனிதாகுக, பாசறையைச் சூழ்ந்த ஊர்களில் கறவை பெருகுக, கிணறு சுரக்க. இங்கே குடிகள் நலம். களஞ்சியம் நிறைவு. மாளிகையில் எல்லோரும் நலம். வேந்தரின் வேட்டைநாய் மட்டும் வாயிற்படியை விட்டு எழ மறுக்கிறது. ஆனால் அதுவும் வேளைக்கு உண்கிறது.

இவ்வோலையை வாசித்துக் காட்டப்போகும் மருத்துவர் ஐயாறனார்க்கு முதற்கண் ஒரு சொல். இதில் மூன்று சுருள்கள் தனித்தனியே கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு சுருளை வாசித்து முடித்தபின் வேந்தர் ஒரு கலயம் கஞ்சி அருந்தினாலன்றி அடுத்த சுருளின் கட்டை அவிழ்த்தலாகாது. அரைக் கலயம் கணக்கில் சேராது. இந்நிபந்தனையை மறைக்க வேண்டியதில்லை; வேந்தர் காதுபடவே வாசிக்கலாம் என்பதும், ஓலையில் வரும் மாந்தரின் பேச்சை அவரவர் வாயில் வந்தபடியே எழுதுக என்பதும் அரசியாரின் கட்டளைகள்.

இனிச் செய்தி. வேனில் பரிவிழா வரும் முழுநிலவு நாளில் நிகழவேண்டும். ஆண்டுதோறும் விழாவுக்கு முன் எந்தக் குதிரை எவ்வாறு ஓடும் என்று ஆய்ந்து வேந்தர்க்கு உரைப்பது ஓலைநாயகத்தின் கடமை. இவ்வாண்டு அதை எழுதுவதா, விடுவதா என்ற வழக்கு எழுந்தது.

மருத்துவரின் ஓலை வந்தபோது அரசியார் ஊர்ச்சபையாருடன் அமர்ந்திருந்தார். புண் மூடி வருகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது என்பது வரையில் அவர் முகம் தெளிந்தது. வேந்தர் யாருடனும் பேசுவதில்லை, கூடாரத் துணியைப் பார்த்தே கிடக்கிறார், வாய்க்கருகே கொண்டுபோன உணவைக் கையால் விலக்குகிறார் என்பதைக் கேட்டபோது எழுந்து நின்றார். எல்லையில் ஆற்றுத்துறை ஒன்றைக் கடக்கையில் தாம் ஊர்ந்த கருமுகில் என்னும் குதிரை வெள்ளத்தில் மாண்டதைப் பற்றி வேந்தர் ஒரே ஒருமுறை வாய் திறந்து, “அது வேண்டாம்னு நின்னுச்சு. நான்தான் இறக்கினேன்” என்று சொன்னதாகவும், அதன்பின் பேச்சே இல்லை என்றும் மருத்துவர் எழுதியிருந்தார். இப்படியே போனால் புண் ஆறியும் பயனில்லை, பட்டினி கொன்றுவிடும் என்பது அவ்வோலையின் கடைசி வரி.

அமைச்சர் ஒருவர் பாணரை அனுப்பலாம் என்றார். மற்றொருவர் கடற்கரைப் பட்டினத்தில் வந்திறங்கிய புதுக்குதிரை ஒன்றை வாங்கி அனுப்பலாம் என்றார். அரசியார் இரண்டையும் மறுத்து, வழக்கம்போல் பந்தய ஓலை போகட்டும் என்றார். குதிரையை இழந்து வாடுபவரிடம் குதிரையைப் பற்றியே பேசுவது புண்ணில் மிளகு அரைத்துப் பூசுவதாகும் என்று ஓலைநாயகம் பணிவுடன் தெரிவித்தார்.

“குதிரையை விட்டா அவர்கிட்ட வேற எதைப் பேசுறது, சாத்தனாரே? என்கிட்டயே அவர் குதிரையைப் பத்தித்தானே பேசுவார்” என்றார் அரசியார்.

குதிரை வாடையோடு உணவுக்கு அமரக்கூடாது என்று வேந்தரைப் பலமுறை எழுப்பிக் குளிக்க அனுப்பியவர் அவர். அவரே மறுநாள் விடியலில் லாயத்துக்கு வந்து நின்றார். ஒரு கை கொள்ளு ஏந்தி ஒரு குதிரையிடம் நீட்டினார். அது ஈர உதட்டால் உள்ளங்கையைத் துழாவியபோது சிரித்தார். பிறகு நெடுநேரம் யாரையும் பார்க்காமல், அதன் பிடரிமயிரின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓட்டம், மூன்று வயதுக் குட்டிகளுக்கு உரியது. கல்தூணிலிருந்து ஆற்றங்கரைக் கொடி வரை. ஊரார் வாயில் இருப்பது மின்னி என்னும் செவலைப் பெட்டை. புறப்பாட்டில் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் சீட்டுக் குலுக்கியதில் அதற்குப் பறைமேடையை ஒட்டிய இடம் விழுந்திருக்கிறது. பறையொலி கேட்டால் அது இருகாலில் எழும். கடுங்கால் என்னும் கருங்குதிரை மெல்லத்தான் தொடங்கும், ஆனால் சென்ற வாரத்து மழையில் மணல் இறுகியிருப்பதால் அதன் நீண்ட எட்டு வீணாகாது. கடுங்காலே வெல்லும் என்பது ஓலைநாயகத்தின் முடிபு. அரசியார் மின்னியையே சொல்கிறார். காரணம் கேட்டதற்கு, அது தம்மைப் பார்த்துக் கனைத்தது என்றார்.

மருத்துவர் இங்கே நிறுத்துக. கஞ்சி வருக.

இரண்டாம் சுருள். வேந்தர் அருந்தினார் என்று கொண்டு எழுதப்படுகிறது.

இரண்டாம் ஓட்டம், படைக்குதிரைகளின் நெடுவோட்டம். ஆற்றின் மேட்டுத்துறையில் இறங்கி, அக்கரைப் பனைகளைச் சுற்றி, மீண்டும் ஆற்றைக் கடந்து வருதல் மரபு. இவ்வாண்டு ஆற்றை விட்டுக் கரையோடு ஓடினால் என்ன என்று குதிரைச் சேவகர் சிலர் கேட்டனர். ஏன் கேட்டனர் என்பது எல்லோர்க்கும் விளங்கியது; ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அரசியார் விடை கூறாமல், துறையைத் தாமே காணவேண்டும் என்று புறப்பட்டார்.

தண்ணீர் முழங்கால் அளவே ஓடியது. தத்தன் என்னும் சேவகன் சாம்பல் படர்ந்த மயிலை நிறக் குதிரை ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தான். குதிரை நீரருகே வந்ததும் நின்றுவிட்டது. அவன் தட்டினான், தடவினான், வைதான். அது காதைப் பின்னே மடக்கிக்கொண்டு நின்றது. அரசியாரின் கை மேலாடையின் முனையைப் பற்றியது. பிறகு என்ன தோன்றியதோ, குதிரை தானே நீரில் இறங்கி, அக்கரைக்கு எளிதாகப் போய்த் திரும்பியது.

அரசியார் அவனை அழைத்து, அது ஏன் நின்றது, ஆற்றில் ஏதேனும் கேட்டை அறிந்துதான் நின்றதோ என்று வினவினார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல தாயே. இது தெனமும் நிக்கும். நேத்து தன் நெழலைப் பாத்து நின்னுது. முந்தாநாள் ஒரு கொக்கு. அது நிக்கிறப்பல்லாம் நானும் சரின்னு நின்னிருந்தா, போன வருசத்து ஓட்டத்துலயேதான் இன்னும் நின்னுட்டிருப்பேன்.”

ஆபத்தை அறிந்து நிற்கும் குதிரையும் உண்டல்லவா என்று அரசியார் மீண்டும் கேட்டார்.

தத்தன் தலையைச் சொறிந்தான். “இருக்கும் தாயே. ஆனா அதுவும் இதே மாதிரிதானே நிக்குது. மேல உக்காந்திருக்கிறவனுக்கு என்னத்தைத் தெரியும்?”

மாளிகை வாயிலில் இறங்கும்போது அரசியார், தத்தனின் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுமாறும், அதற்கு விளக்கம் சேர்க்க வேண்டாமென்றும் பணித்தார். அவ்வாறே எழுதப்பட்டது. நெடுவோட்டம் ஆற்றைக் கடந்தே நிகழும்.

வெற்றியைப் பற்றிச் சொன்னால், மயிலைக்கு மூச்சு வலிது; ஆயினும் இருமுறை நீரைக் கடக்கவேண்டிய ஓட்டத்தில் இருமுறை நின்று யோசிக்கும் குதிரையை நம்புவதற்கில்லை. மலைக்கோட்டத்துக் கபிலக் குதிரை வெல்லும். மயிலை இரண்டாவதாக வரலாம். கொக்கு எதுவும் குறுக்கிடாதிருந்தால்.

மருத்துவர் நிறுத்துக. கஞ்சியோடு சிறிது நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தல் நலம்; வேந்தர் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

மூன்றாம் சுருள், அரச ஓட்டம் பற்றியது.

ஓலைநாயகத்தின் கணிப்பு சுருக்கமானது. வேங்கை என்னும் குதிரை நடையிலும் உடலிலும் முதிர்ந்து நிற்கிறது. உள்வளைவில் சாயாமல் திரும்புகிறது. பாலி என்னும் வெண்பெட்டை விரைவுடையது, ஆனால் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும். மூன்றாவதான அம்பலவன் நல்ல குதிரை; தீனியைக் கண்ட இடத்தில் நிற்கும் குணம் ஒன்றுதான் குறை. வேங்கையே வெல்லும்.

ஆனால் இக்கணிப்பால் நகரில் ஒருவருக்கும் பயன் இல்லை. அரச ஓட்டத்தில் வேந்தர் ஒரு குதிரையின் பெயரைச் சொல்ல, அதன்பின்னரே குடிகள் பந்தயம் கட்டுவர் என்பதும், வேந்தர் சொன்ன குதிரை இதுவரை ஒருமுறையும் வென்றதில்லை என்பதும் நாடறிந்தவை. ஒரு குதிரை எல்லைக்கயிற்றைத் தாண்டி அப்பக்கடைக்குள் நுழைந்தது. ஒன்று பின்னோக்கி ஓடியது. ஆகவே, வேந்தர் சொன்னதை நீக்கிவிட்டு மற்றவற்றின்மேல் ஆட்டையும் வெல்லக்கட்டியையும் பந்தயம் வைப்பதே இந்நகரத்தாரின் சூத்திரம். இவ்வாண்டு வேந்தரின் வாக்கு இல்லாததால் அது அறுந்துபோயிற்று. களத்துவாயிலில் வெற்றிலை விற்கும் சேந்தி, அரசியாரின் சிவிகையை மறித்தே முறையிட்டாள்.

“அவரு எதைச் சொல்றாரோ அதை விட்டுட்டு மத்ததைப் புடிப்போம். இப்ப எதை விடுறது, எதைப் புடிக்கிறது? ஊரே கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்குது. சாத்தனார் சொல்றாருதான். அவரு சரியாச் சொல்லி என்ன புண்ணியம், எங்களுக்கு அது பழக்கம் இல்லையே.”

சேவகரின் குறை வேறு. வேந்தர் பெயர் சொன்ன குதிரை தோற்றால், அதன் சேவகனை அமர்த்தி, வேந்தரே தம் கையால் இலையில் சோறிடுவது வழக்கம். வென்றவனுக்குக் கிடைக்கும் பட்டாடையைவிட இந்தச் சோற்றுக்கே போட்டி என்பது அரசியார் இப்போதுதான் அறிந்தது. வேந்தர் தன் குதிரையின் பெயரையே சொல்லவேண்டும் என்று ஒவ்வொருவனும் அதன் குறைகளை அரசியாரிடம் அடுக்கிப் போனான். வேங்கையின் சேவகன்கூட வந்து, “பாக்கத்தான் இப்படி இருக்கு தாயே. உள்ளுக்குள்ள சுத்தச் சோம்பேறி. அரசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கெஞ்சினான்.

அன்று மாலை அரசியார் ஓலைநாயகத்தை அழைத்து, தம் சொல்லாகச் சிலவற்றை எழுதச் சொன்னார். எங்கோ பார்த்தபடி அவர் சொன்னவை இவை:

“உங்க கணிப்பு தப்பாப் போறது இந்த ஊருக்குப் புதுசா? வருசா வருசம் தப்பாத்தான் போச்சு. ஆத்துல ஒருதடவை போனது பெரிய தப்பு, நான் இல்லேங்கல. கருமுகிலுக்காக நானும் அழுதேன், அதோட வாடையே எனக்கு ஆகாதுன்னாலும். ஆனா நீங்க சொல்றதை நிறுத்திட்டா நாங்க என்ன பண்றது? எனக்கும் எதை விடுறது, எதைப் புடிக்கிறதுன்னு தெரியல.”

இதை எழுதி வாசித்துக் காட்டியபோது, கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தார். பிறகு இருக்கட்டும் என்றார்.

ஆதலால் பட்டத்தரசியாரின் ஆணை இது. முழுநிலவு வந்தாலும் பரிக்களம் திறக்கப்படாது. வேந்தரின் வாக்கு வரும்வரை குதிரைகள் காலையில் நடத்தப்படும், ஓட்டப்படா. பறைகள் உறையிலேயே இருக்கும். விருந்தினராக வந்த சிற்றரசர்களுக்கு உணவும் உறையுளும் அளிக்கப்படும்; காரணம் கேட்பவர்க்கு உண்மையே சொல்லப்படும். இவ்வோலை கொணரும் தூதன் கூடார வாயிலிலேயே தங்குவான், விடையின்றித் திரும்பலாகாது. மருத்துவர் இன்றிலிருந்து கஞ்சியை விடுத்துச் சோறு கொடுக்க முயல்க.

இச்சுருளுக்குள் எழுதாத ஏடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதன் அடியில் அரசியார் தம் கையால் அரச முத்திரையை முன்னரே இட்டிருக்கிறார். வேங்கை, பாலி, அம்பலவன் என்னும் மூன்றில் ஒரு பெயரை வேந்தர் தம் கையாலேயே அதில் எழுதி அனுப்புக. கை நடுங்கினால் எழுத்து கோணலாக இருக்கலாம். நாள் பிந்தினாலும் களம் காத்திருக்கும். பெயர் தவறாக இருந்தாலும் செல்லும்.